எந்தக் கணிப்பான் வாங்குவது? டெக்சாஸ் கணித வகுப்பறைகளின் பட்டறிவு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வரைபடக் கணிப்பான் வாங்கப் புறப்படும் பெற்றோர், இருப்பவற்றுள் எது சிறந்தது என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் நுழைகின்றனர். அவர்கள் வாங்க வேண்டியது எது என்பதைத் தேர்வு வாரியமும் பள்ளியின் கணித ஆசிரியரும் முன்னதாகவே முடிவு செய்துவிட்டனர் என்பதைப் பலர் பணம் கொடுத்த பிறகே அறிகின்றனர். சார்பு ஒன்றின் சமன்பாட்டைத் தட்டினால் அதன் வளைகோட்டைச் சிறு திரையில் வரைந்து காட்டுவதும், வளைகோடு அச்சை வெட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பதும், அதன் கீழ் அடங்கிய பரப்பை எண்ணாகத் தருவதுமே இக்கருவியின் அடிப்படைப் பணிகள். இவற்றைக் கடந்த பத்தாண்டுகளில் விற்பனைக்கு வந்த கருவிகள் அனைத்தும் செய்கின்றன என்பதால், தேர்வு செய்வதில் உள்ள சிக்கல் கருவிக்குள் இல்லை, கருவியைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளில் இருக்கிறது. டாலஸ் நகரின் வடக்குப் புறநகர்ப் பொதுப்பள்ளிகளில் 1990களின் தொடக்கம் முதல் இயற்கணிதமும் நுண்கணிதமும் கற்பித்து, பின்னர்த் துறைத்தலைவராகக் கணிப்பான் கொள்முதலையும் கவனித்துவந்த இக்கட்டுரையாளரின் பட்டறிவு முழுவதும் இந்த ஒரு கருத்தையே திரும்பத் திரும்ப உறுதிசெய்தது.

வணிக அளவில் விற்பனைக்கு வந்த முதல் வரைபடக் கணிப்பான், ஜப்பானிய நிறுவனமான கேசியோ 1985இல் வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி ஆகும். அகலத்தில் 96, உயரத்தில் 64 என்ற எண்ணிக்கையில் அமைந்த படப்புள்ளிகளே அதன் திரை; நிரல்களை எழுதிச் சேமிக்க அதில் இருந்த இடம் 422 பைட்டுகள் மட்டுமே. 1987இல் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தின் ஹெச்பி-28சி வந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் முதல் வரைபடக் கணிப்பானான டிஐ-81 வெளிவந்த ஆண்டு 1990. அதாவது, இன்று அமெரிக்க வகுப்பறைகளில் ஏறத்தாழத் தனியாட்சி செலுத்தும் நிறுவனம் களத்துக்கு ஐந்தாண்டு தாமதமாகவே வந்தது. தாமதமாக வந்தவர் எப்படி முந்தினார் என்பதைப் புரிந்துகொண்டால், இன்றும் கடையில் எதை வாங்க வேண்டியிருக்கிறது என்பதும் ஏன் என்பதும் ஒருசேரப் புரியும்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர்களான ஃபிராங்க் டெமானா, பெர்ட் வெயிட்ஸ் ஆகிய இருவரும் 1980களின் நடுப்பகுதியிலேயே, வரைபடங்களைக் கைக்குக் கொண்டுவந்தால் நுண்கணிதத்துக்கு முந்தைய பாடங்களைக் கற்பிக்கும் முறையே மாறும் என்று வாதிட்டுப் பாடநூல்களை எழுதியதோடு, பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சிகளையும் நடத்திவந்தனர். டிஐ-81 வடிவமைக்கப்பட்டபோது அவர்களுடைய யோசனைகள் கேட்கப்பட்டன. அக்கருவி வெளிவருவதற்கு முந்தைய ஆண்டான 1989இல் அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசியக் கழகம் வெளியிட்ட பாடத்திட்ட நெறிமுறைகள், ஒன்பதாம் வகுப்பு முதல் மாணவர்களுக்கு வரைபடம் வரையும் கணிப்பான் எப்போதும் கிடைக்க வேண்டும் என்று கூறியிருந்தன. நெறிமுறை கூறிவிட்டது, ஆனால் ஆசிரியர்களில் பெரும்பாலோர் அப்படியொரு கருவியைத் தொட்டதில்லை என்ற நிலையில், கருவியை விற்பதோடு நில்லாமல் அதைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் ஆசிரியர் பயிற்சித் திட்டத்துக்கும் ஆதரவளித்த நிறுவனமே பள்ளிகளைப் பிடித்தது. கோடை விடுமுறையில் ஒரு வாரம் பயிற்சிக்குச் சென்று திரும்பிய ஆசிரியர், அங்குப் பழகிய கருவியையே தம் மாணவர்களும் வாங்க வேண்டும் என்று சொல்வது இயல்பு. அவ்வாறு சொன்னவர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர்.

இதற்கு வலுச்சேர்த்தது ஓவர்ஹெட் புரொஜெக்டர் மீது வைக்கும் கண்ணாடிப் பலகை போன்ற ஒரு துணைக்கருவி. ஆசிரியரின் கணிப்பானைக் கம்பி வழியாக அதனுடன் இணைத்தால், அவர் தட்டும் ஒவ்வொன்றும் சுவரில் பெரிதாகத் தெரியும். முப்பது மாணவர்களின் மேசைகளுக்கிடையே ஓடி ஓடி எந்த விசையை அழுத்துவது என்று காட்டிக்கொண்டிருந்த ஆசிரியருக்கு அது பெரும் விடுதலையாக இருந்தது. ஆனால் சுவரில் தெரியும் திரையும் மாணவர் கையில் உள்ள திரையும் ஒன்றாக இருக்கும்வரைதான் அந்த விடுதலை நீடிக்கும். பாடநூல்களும் விசை அழுத்தும் வரிசையைப் படத்துடன் அச்சிடத் தொடங்கின. அந்தப் படங்கள் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கருவியைக் காட்டின. இவ்வாறு ஆசிரியரின் கைப்பழக்கம், சுவரில் விழும் படம், பாடநூலின் பக்கம் ஆகிய மூன்றும் ஒரே திசையில் இழுத்தபோது, மாற்றுக் கருவி எவ்வளவு மலிவாகவும் திறனுடனும் இருந்தாலும் அதை வைத்திருந்த மாணவர் வகுப்பில் தனித்துவிடப்பட்டார்.

இந்தத் தனிமையின் விலையை 1990களின் நடுப்பகுதியில் கலப்பு வகுப்புகள் நன்கு உணர்த்தின. அண்ணனின் பழைய டிஐ-82 ஒருவரிடம், 1996இல் வந்த புதிய டிஐ-83 இன்னொருவரிடம், கேசியோ மூன்றாமவரிடம் என்று அமைந்த ஒரு வகுப்பில், ஒன்றின் கீழ் 2எக்ஸ் என்ற பின்னத்தை அடைப்புக்குறி இல்லாமல் 1/2எக்ஸ் என்று அனைவரும் தட்டியபோது, ஒரே நிறுவனத்தின் இரு கருவிகளே இரு வேறு வளைகோடுகளை வரைந்தன. பெருக்கல் குறி எழுதப்படாமல் அடுத்தடுத்து நிற்கும் எண்ணையும் எழுத்தையும் டிஐ-82 முதலில் பெருக்கிக்கொண்டு பின்னரே வகுத்தது. டிஐ-83 இடமிருந்து வலமாகச் சென்று, முதலில் ஒன்றை இரண்டால் வகுத்து, கிடைத்த அரையை எக்ஸால் பெருக்கியது. முதற்கருவியில் இரு கிளைகளாகப் பிரிந்த வளைகோடும், இரண்டாவதில் ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் நேர்கோடும் தெரிந்தன. எது சரி என்ற விவாதம் பயனுள்ளதாக இருந்தது என்பதை மறுக்க இயலாது. அடைப்புக்குறியின் அருமையை அன்று கற்ற மாணவர்கள் பின்னர் அதை மறந்ததில்லை. ஆயினும் ஒவ்வொரு பாடவேளையிலும் இப்படி ஒரு விவாதத்துக்கு இடம்கொடுத்தால் பாடம் நகராது என்பதால், அடுத்த கல்வியாண்டு முதல் எந்த மாதிரி என்பதைப் பெற்றோருக்கு அனுப்பும் பொருள் பட்டியலிலேயே துறை குறிப்பிடத் தொடங்கியது.

பட்டியல் இருந்தும் அதைப் பொருட்படுத்தாத ஒரு பிரிவினர் உண்டு. அவர்கள் பொறியாளர்களான தந்தையர். டாலஸ் பகுதியில் தொலைத்தொடர்பு, குறைகடத்தித் தொழில்களில் பணியாற்றியவர் மிகுதி என்பதால், தம் அலுவலக மேசையில் இருந்த ஹெச்பி-48 கருவியை மகளுக்கோ மகனுக்கோ பெருமையுடன் தந்தனுப்பியவர்களும் இருந்தனர். அக்கருவியில் இரண்டையும் மூன்றையும் கூட்ட, இரண்டைத் தட்டி உள்ளிட்டு, மூன்றைத் தட்டி, இறுதியில் கூட்டல் குறியை அழுத்த வேண்டும். குறி எண்களுக்குப் பின்னால் வரும் இம்முறையில் அடைப்புக்குறியே தேவைப்படாது. பழகியவர்கள் வேறெதையும் தொடமாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆனால் அடைப்புக்குறியை எங்கே போடுவது என்பதே பாடமாக இருக்கும் இயற்கணித வகுப்பில், அடைப்புக்குறியே தேவைப்படாத கருவியை வைத்திருக்கும் மாணவருக்கு ஆசிரியர் எதைக் கற்பிப்பார்? போதாக்குறைக்கு, அக்கருவியில் அகச்சிவப்புக் கதிர் வழியாகச் செய்தி அனுப்பும் துளை ஒன்று இருந்ததால், கல்லூரி நுழைவுக்கான ஏசிடி தேர்வின் விதிகள் அதன் மீது தடித்த ஒட்டுநாடாவை ஒட்டி மறைத்த பிறகே கருவியைத் தேர்வு அறைக்குள் அனுமதித்தன.

தேர்வு விதிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடத்தைப் படித்து, மே மாதத்தில் பொதுத்தேர்வு எழுதிக் கல்லூரியில் அப்பாடத்துக்கான மதிப்பைப் பெற வழிசெய்யும் ஏபி திட்டத்தில், நுண்கணிதத் தேர்வுக்கு வரைபடக் கணிப்பான் கட்டாயம் என்ற நிலை 1995இல் வந்தது. அதை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பு கருவியிடம் எதிர்பார்ப்பவை நான்கே: குறிப்பிட்ட எல்லைக்குள் சார்பின் வரைபடத்தைக் காட்ட வேண்டும், சார்பு பூச்சியமாகும் இடங்களைக் கண்டறிய வேண்டும், ஒரு புள்ளியில் வகைக்கெழுவின் மதிப்பை எண்ணாகத் தர வேண்டும், வரையறுத்த தொகையீட்டின் மதிப்பை எண்ணாகத் தர வேண்டும். இவற்றைத் தவிர வேறெதைச் செய்தாலும் மாணவர் படிமுறையைத் தாளில் எழுதிக்காட்ட வேண்டும். மேலும் அத்தேர்வின் பெரும்பகுதியில் கணிப்பானைத் தொடவே கூடாது. பலவுள் தெரிவு வினாக்கள் 45இல் 15க்கும், விரித்தெழுதும் வினாக்கள் ஆறில் இரண்டுக்கும் மட்டுமே அது அனுமதிக்கப்படுகிறது. இந்த விவரங்களைக் கேட்ட பிறகும் ஆகப்பெரிய விலையுள்ள கருவியைத் தேடும் பெற்றோருக்கு, அந்த நான்கு பணிகளையும் பழைய டிஐ-83 குறைவின்றிச் செய்கிறது என்பதை நினைவூட்டுவது துறைத்தலைவரின் ஆண்டுதோறுமான கடமையாக இருந்தது.

விலை கூடினால் தரம் கூடும் என்ற நம்பிக்கை ஏமாற்றிய இடம் டிஐ-89. 1998இல் வந்த அக்கருவி, எண்களை மட்டுமன்றி எழுத்துக்களையும் கையாளும். அதாவது ஒரு கோவையைக் காரணிப்படுத்தும், சார்பின் வகைக்கெழுவைச் சார்பாகவே எழுதித்தரும், தொகையீட்டையும் அவ்வாறே தரும். இத்தகைய திறனைக் குறியீட்டு இயற்கணித வசதி என்பர். ஏபி நுண்கணிதத் தேர்வில் அது அனுமதிக்கப்பட்டது, ஏசிடி தேர்விலோ தடைசெய்யப்பட்டது. 1995இல் வந்த அதன் மூத்த கருவியான டிஐ-92, ஏறத்தாழ அதே வேலைகளைச் செய்தாலும், தட்டச்சு இயந்திரம் போன்ற எழுத்து விசைகளைக் கொண்டிருந்ததால் ஏபி தேர்விலும் நுழைய முடியவில்லை. இந்த வேறுபாடுகளில் கணிதத் தத்துவம் எதையும் தேட வேண்டியதில்லை. வினாத்தாளைத் தட்டச்சு செய்து வெளியே கொண்டுபோய்விடுவார்கள் என்பது ஒரு வாரியத்தின் அச்சம், இயற்கணிதத்தை மாணவருக்குப் பதில் கருவியே செய்துவிடும் என்பது இன்னொரு வாரியத்தின் அச்சம். ஆனால் இரு வாரியங்களின் தேர்வையும் ஒரே ஆண்டில் எழுதும் பதினேழு வயது மாணவர், விலையுயர்ந்த டிஐ-89ஐ வீட்டில் வைத்துவிட்டு நண்பரிடம் டிஐ-83ஐ இரவல் வாங்கிக்கொண்டு ஏசிடி தேர்வுக்குச் சென்றதும், பழகாத விசைகளில் நேரத்தை இழந்து திரும்பியதும் ஒருமுறை மட்டும் நடந்தவை அல்ல.

புறநகர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிடம் வேறொரு வகைத் தயக்கம் இருந்தது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வில் கணிப்பானுக்கு இடமில்லை; மத்திய வாரியத்திலும் இல்லை. கிளார்க் டேபிள் என்று வழங்கிய மடக்கை அட்டவணையைப் புரட்டியே பெருக்கலையும் வர்க்கமூலத்தையும் கண்டு, வளைகோட்டை வரைபடத்தாளில் பென்சிலால் வரைந்து பொறியாளரான ஒருவருக்கு, நூறு டாலருக்கு மேல் விலைபோகும் கருவி இல்லாமல் தம் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக் கணிதம் படிக்க இயலாது என்பது நம்பக்கூடியதாக இல்லை. பெற்றோர் சந்திப்பு மாலைகளில், "சார், இதைக் கையில் கொடுத்தால் பையன் வாய்ப்பாட்டையே மறந்துவிட மாட்டானா?" என்று தமிழிலேயே கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஏழெட்டைக் கருவியில் தட்டிப் பார்க்கும் மாணவர்கள் இருக்கத்தான் செய்தனர். அதனால்தான் துறையின் தேர்வுகள் அனைத்தும் கணிப்பான் உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டன. மறுபுறம், மடக்கை அட்டவணையும் ஒரு கணிப்பானே, அது காகிதத்தால் ஆனது என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டனர். விவாதம் முடிந்து, எங்கே மலிவாகக் கிடைக்கும் என்ற கேள்விக்கு வந்துசேர அதிக நேரம் ஆனதில்லை.

கருவி வந்ததால் கற்பித்தலில் உண்மையாகவே நிகழ்ந்த மாற்றம் அதன் வேகத்தால் வந்ததன்று, அதன் குறைபாட்டால் வந்தது என்று கூறினால் விற்பனையாளர்கள் வியப்படையக்கூடும். டிஐ-83, டிஐ-84 பிளஸ் ஆகியவற்றின் திரை, 1985ஆம் ஆண்டுக் கேசியோவின் திரையைப் போலவே 96க்கு 64 படப்புள்ளிகள் கொண்டது. வரைபடத்துக்குப் பயன்படும் நெடுவரிசைகள் 95. திரையின் இட எல்லை கழித்தல் பத்து, வல எல்லை பத்து என்ற வழக்கமான அமைப்பில், அடுத்தடுத்த நெடுவரிசைகளுக்கு இடையே உள்ள தொலைவு 20ஐ 94ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.2128 அளவு. ஒன்றின் கீழ் எக்ஸ் கழித்தல் இரண்டு என்ற சார்பை அதில் வரையச் சொன்னால், கருவி எக்ஸ் இரண்டாக இருக்கும் இடத்தைத் தொடுவதேயில்லை, 1.915 என்ற இடத்தில் கழித்தல் 11.75 அளவுக்குக் கீழேயும், 2.128 என்ற இடத்தில் 7.8 அளவுக்கு மேலேயும் இரு மதிப்புகளைக் கண்டு, இரண்டையும் நேர்கோட்டால் இணைத்துவிடுகிறது. திரையில் செங்குத்தாக ஒரு கோடு தோன்றுகிறது. வளைகோடு நெருங்கிச் சென்றும் தொடாத தொலைத் தொடுகோட்டைக் கருவியே வரைந்து காட்டுகிறது என்று மாணவர்கள் மகிழ்ந்தனர். ஆண்டுக்கணக்கில் அப்படியே நம்பிய ஆசிரியர்களும் இருந்தனர். திரை எல்லையைக் கழித்தல் 4.7 முதல் 4.7 வரை என்று மாற்றினால், ஒவ்வொரு நெடுவரிசையும் சரியாகப் பத்தில் ஒரு பங்கு நகர்வதால், கருவி இரண்டின் மீதே கால்வைக்கிறது, அங்கு மதிப்பு இல்லை என்பதை உணர்கிறது, கோடு மறைந்துவிடுகிறது. முன்னர் இருந்தது தொலைத் தொடுகோடு என்றால் இப்போது எங்கே போயிற்று என்ற கேள்வியிலிருந்து ஒரு முழுப் பாடவேளையும் தானாக விரியும்.

இதனினும் சுவையானது சைன் சார்பு. முக்கோணவியலுக்கென அமைந்த திரை எல்லையில் அந்தக் கருவிகளின் நெடுவரிசைகள் பையின் 24இல் ஒரு பங்காக நகர்கின்றன. சைன் 48எக்ஸ் என்று தட்டினால், ஒரு நொடி எண்ணற்ற அலைகளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வகுப்பின் முன் வெறும் கிடைக்கோடு தோன்றும். ஏனெனில் ஒவ்வொரு நெடுவரிசையிலும் அலை முழுச்சுற்றுகள் சுற்றிப் பூச்சியத்துக்கே திரும்பியிருக்கும். சைன் 49எக்ஸ் என்று தட்டினால், ஐயத்துக்கு இடமின்றி சைன் எக்ஸ் வளைகோடே தெரியும். விட்டுவிட்டு அளக்கும் எந்தக் கருவியும் தான் அளக்காத இடங்களைப் பற்றிப் பொய் சொல்லக்கூடும் என்பதை, பின்னாளில் மின்னணுவியல் படித்த மாணவர்கள் வேறு பெயரில் மீண்டும் சந்தித்தனர். எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒய் வர்க்கம் 25 என்ற வட்டம், இரு பாதிகளாகத் தட்டி வரையப்படும்போது அகன்ற நீள்வட்டமாகத் தெரிவதும், பாதிகள் அச்சின் அருகே சேராமல் இடைவெளி விட்டு நிற்பதும் இதே வகையான பாடங்கள். வண்ணத் திரையும் நுண்ணிய படப்புள்ளிகளும் கொண்ட பிற்காலக் கருவிகளில் தொலைத் தொடுகோட்டைத் தானாகக் கண்டறிந்து போலிக் கோட்டைத் தவிர்க்கும் வசதியே வந்துவிட்டது. அது முன்னேற்றம்தான், ஆனால் கருவியைச் சந்தேகிக்கும் பழக்கத்தை அது கற்பிப்பதில்லை என்பதால், அவ்வசதியை அணைத்துவைத்தே முதல் பாடத்தைத் தொடங்குவது இக்கட்டுரையாளரின் வழக்கம்.

குறைபாடு பாடமாவது போல, விசைப்பலகையின் சிறு அமைப்புகள் தலைவலியாவதும் உண்டு. கழித்தலுக்கு ஒரு விசை, எண்ணுக்கு முன்வரும் எதிர்க்குறிக்கு வேறொரு விசை என்ற டிஐ கருவிகளின் ஏற்பாட்டில், மாற்றி அழுத்தினால் பிழைச்செய்தி வரும். புதிதாகக் கற்பவரின் முதல் மாதத்துப் பிழைகளில் பாதிக்கு மேல் இதுவே. பாகை, ரேடியன் அமைப்புக் குழப்பம் அடுத்த இடத்தில் நிற்கிறது. மாணவர்கள் அனைவரும் ஒரே மாதிரியை வைத்திருந்தால், பிழையைச் சொன்ன மாத்திரத்தில் ஆசிரியர் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

எட்டாம் வகுப்புக் கணிதத்துக்கும் முதல் இயற்கணிதப் பாடத்துக்குமான டெக்சாஸ் மாநிலத் தேர்வுகளில் ஒவ்வொரு மாணவரிடமும் வரைபடக் கணிப்பான் இருக்க வேண்டும் என்ற விதி வந்தபின், பள்ளிகளே மொத்தமாக வாங்கும் வழக்கம் பெருகியது. வகுப்பறைச் சுவரில் எண்ணிட்ட துணிப்பைகளில் அவை தொங்கும்; ஏழாம் எண் பையில் இருந்ததை ஏழாம் எண் மாணவர் எடுத்து, மணி அடிக்கும் முன் அதே பையில் திரும்பவைக்க வேண்டும். பள்ளிகளுக்கென மேல்மூடியும் பின்புறமும் பள்ளிப் பேருந்தின் மஞ்சள் நிறத்தில் அமைந்த டிஐ-84 பிளஸ் கருவிகள் விற்கப்பட்டன. மாணவரின் தோள்பையில் அந்த மஞ்சள் தெரிந்தால் அது பள்ளியின் சொத்து என்பது தூரத்திலிருந்தே விளங்கிவிடும். கருவி திருட்டுப் போவது அதனால் குறைந்தது, உள்ளிருக்கும் நான்கு மின்கலங்கள் திருட்டுப் போவது குறையவில்லை. தேர்வுக் காலத்துக்கு முன் மின்கலப் பெட்டிகளுக்கான விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது துறைத்தலைவரின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. மின்னேற்றம் செய்யத்தக்க மின்கலத்துடன் டிஐ-84 பிளஸ் சிஇ 2015இல் வந்தபோது அந்தச் செலவு நின்றது. அதற்குப் பதிலாக, முதல் நாள் மாலை மின்னேற்றம் செய்ய மறந்த ஆசிரியர் மறுநாள் காலை விழிக்கும் நிலை வந்தது.

மாநிலத் தேர்வுக்கு முன்னும் பின்னும் நினைவகத்தை அழிக்க வேண்டும் என்ற விதியும், மாணவர்களின் சாமர்த்தியமும் சேர்ந்து உருவாக்கிய நாடகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நினைவகம் அழிந்தது என்று காட்டும் திரையைப் போலவே ஒரு திரையைக் காட்டும் நிரலை எழுதிவைத்து மேற்பார்வையாளரை ஏமாற்ற முயன்ற மாணவர்கள் எல்லாப் பள்ளிகளிலும் இருந்தனர். அவர்களுள் சிலர் கணினி நிரலாக்கத்தில் சிறந்து விளங்கினர் என்பதையும், கம்பி வழியாகக் கைமாறிய விளையாட்டு நிரல்களே பலருக்கு நிரலாக்கத்தின் முதல் அறிமுகம் என்பதையும் நேர்மையாகக் கூறவே வேண்டும்.

புதிய கருவி வந்தால் பள்ளிகள் மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பை 2007இல் வந்த டிஐ-என்ஸ்பயர் சோதித்தது. கோப்புகள், பெரிய திரை, ஒரே பக்கத்தில் வரைபடமும் அட்டவணையும் என்று அது முற்றிலும் வேறு முறையில் அமைந்திருந்தது. ஆசிரியர்கள் தயங்குவார்கள் என்பதை அதைத் தயாரித்தவர்களே அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று, விசைப்பலகையைக் கழற்றிவிட்டு டிஐ-84 பிளஸ் விசைப்பலகையைப் பொருத்தினால் கருவி பழைய டிஐ-84 போலவே இயங்கும் என்ற ஏற்பாடு. புதியதை விற்க அதற்குள் பழையதை ஒளித்துவைக்க வேண்டியிருந்த அந்தச் சந்தையில், 1976இல் அறிமுகமான இசட்80 என்ற செயலிக் குடும்பத்தின் மீதே டிஐ-84 பிளஸ் நிலைத்து நின்றதில் வியப்பில்லை. கேசியோவின் வண்ணத்திரைக் கருவியான எஃப்எக்ஸ்-சிஜி50 2017இல் வந்தது. அந்நிறுவனத்தின் எளிய மாதிரிகளின் விலை டிஐ-84 பிளஸ் சிஇ விலையில் பாதிக்கும் குறைவு. ஆகஸ்ட் மாதத்தில் டெக்சாஸ் அரசு விற்பனை வரியை நீக்கும் வார இறுதியில், நூறு டாலருக்குக் குறைந்த பள்ளிப் பொருள்களுக்கே அச்சலுகை என்பதால், கேசியோ வாங்குபவருக்குக் கிடைக்கும் வரிவிலக்கும் டிஐ வாங்குபவருக்குப் பல ஆண்டுகளில் கிடைப்பதில்லை. தானே கையேட்டைப் படித்துக் கற்கும் மாணவருக்குக் கேசியோ முழுக்கப் போதுமானது. ஆசிரியர் சொல்லும் விசையைத் தேடி அழுத்தும் மாணவருக்கு மிச்சமான பணம் மிச்சமானதாகாது.

கணிப்பான் தேர்வின் அடித்தளத்தையே மாற்றியது இன்னொரு கருவியன்று. எலி லூபராஃப் 2011இல் தொடங்கிய டெஸ்மோஸ் நிறுவனம், உலாவியில் இயங்கும் வரைபடக் கணிப்பானை மாணவர்களுக்கு இலவசமாகத் தந்து, பாடநூல் நிறுவனங்களிடமும் தேர்வு அமைப்புகளிடமும் கட்டணம் பெறும் வழியைத் தேர்ந்தெடுத்தது. முதலில் வீட்டுப்பாடத்துக்கு மட்டும் பயன்பட்ட அது, 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு, சுவரில் தொங்கிய மஞ்சள் கருவிகள் வகுப்பறையிலேயே பூட்டப்பட்டபோது, வேறு வழியின்றிப் பாடத்தின் மையமாயிற்று. கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வு 2023இல் வெளிநாடுகளிலும் 2024இல் அமெரிக்காவிலும் கணினி வழித் தேர்வாக மாறியபோது, தேர்வுத் திரைக்குள்ளேயே டெஸ்மோஸ் அமைக்கப்பட்டது. கணிதப் பகுதி முழுவதிலும் அதைப் பயன்படுத்தலாம். தேர்வு வாரியத்தின் பட்டியலில் இடம்பெறுவதே கருவியின் தகுதி என்ற பழைய விதி இங்கும் மாறவில்லை. அந்தப் பட்டியலில் விலையில்லாத ஒன்று முதன்முறையாக ஏறியிருக்கிறது என்பதே வேறுபாடு.

ஆகவே இன்று வாங்க நினைக்கும் பெற்றோர் பள்ளி திறந்து முதல் வாரம் முடியும்வரை கடைக்குச் செல்லாமல், ஆசிரியர் எந்த மாதிரியைச் சுவரில் காட்டுகிறார் என்பதையும், பள்ளியே கருவி தருகிறதா என்பதையும் கேட்டறிவது நல்லது. எஸ்ஏடி ஒன்றுக்காகவே என்றால் எதையும் வாங்கத் தேவையில்லை. டெஸ்மோஸில் பழகினால் போதும். ஐபி என்ற பன்னாட்டுப் பட்டயத் திட்டத்தில் படிப்பவருக்குக் கையடக்கக் கருவி கட்டாயம், குறியீட்டு இயற்கணித வசதி உள்ளவை அங்குத் தடைசெய்யப்பட்டவை என்பதால் பெட்டியின் மீதுள்ள பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தே வாங்க வேண்டும். ஏசிடி எழுதுபவருக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். வகுப்பு டிஐ-84 வழியில் நடக்குமானால், பழைய டிஐ-84 பிளஸ் ஒன்றை இரண்டாம் கையாக வாங்குவதில் தவறில்லை. வாங்கும் முன் மின்கல அறையைத் திறந்து பச்சைத் துரு படிந்திருக்கிறதா என்று பார்த்து, திரையில் ஏதேனும் நெடுவரிசை மறைந்திருக்கிறதா என்றும் சோதித்துவிட்டால், பிள்ளை பட்டம் பெற்று வெளியேறும்வரையும் அதன் பிறகு தம்பியோ தங்கையோ படிக்கும்வரையும் அது உழைக்கும்.